தும்மலுக்கு ஒரு பொத்தான்

ஓடிப்போகவில்லை. நடந்து போனாள். அதுவும் காலை எட்டு மணிக்கு, தெருவே பார்க்க, முன்வாசல் வழியாக. கதவைத் திறந்துவிட்டதே நான்தான். இதை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் ஏழு தடவை சொல்லியாகிவிட்டது. ஏழு தடவையும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, எட்டாவதாக வந்தவளிடம் பழையபடியே சொல்லியிருக்கிறாள்: தச்சன் பெண்டாட்டி எலிக்காகப் புருஷனை விட்டுவிட்டாள், மாமியார்க்காரி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் என்று. என் வாயைப் பற்றித் தெரிந்த யாராவது இதை நம்புவார்களா?

தெருவில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். என் மகன் கை நீட்டினான் என்பது ஒன்று. அவன் கை நீட்டுவது மரத்தின் மீது மட்டும்தான், அதையும் தடவித்தான் பார்ப்பான். நான் துரத்திவிட்டேன் என்பது இரண்டாவது. பாம்பு வீட்டுக்காரரோடு போய்விட்டாள் என்பது மூன்றாவது. அந்த மனிதருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, பாம்பைத் தவிர வேறு எதையும் முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார். இந்த மூன்றும் இல்லாமல் நடந்தது ஒன்று இருக்கிறது. அதை ஒரே தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து வராது, பேத்திதான் எழுதுகிறாள். அவள் அம்மாவைப் பற்றியது என்பதால் ஒரு சொல் கூட்டிப் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் மருமகள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளோடு ஒரு பெட்டியும், மூடியில் ஓட்டை போட்ட ஒரு செருப்பு டப்பாவும் வந்தன. பெட்டியில் துணி. டப்பாவில் இரண்டு வெள்ளை எலிகள். கல்யாணத்துக்கு முன்பு அவள் பக்கத்து ஊரில் இருக்கிற பாம்பு வீட்டில் வேலை பார்த்தவள். மக்கள் சீட்டு வாங்கிப் போய்ப் பாம்புகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வருவார்களே, அந்த மாதிரி இடம். பாம்பு இருந்தால் அதற்குத் தீனி வேண்டும். தீனியை வளர்க்கிற அறைக்கு இவள்தான் பொறுப்பு. நான் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். பசி யாரை விட்டது.

பின்கட்டு அறையை அவளுக்குக் கொடுத்தோம். இரண்டு எட்டானது, எட்டு எண்பதானது. அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கம்பி வலை மூடி, தண்ணீர் சொட்டும் புட்டி. சுண்டெலி ஒரு பக்கம், பெரிய எலி ஒரு பக்கம். சிலதை மீன்தொட்டிக்காரர் வாங்கிப் போவார். மீன், கிளி, எலி எல்லாம் விற்கிற கடை அவருடையது, பிள்ளைகள் ஆசைக்கு வாங்கி வளர்ப்பார்கள். மீதி, வியாழக்கிழமை தோறும் பாம்பு வீட்டு வண்டியில் ஏறிப் போகும். வியாழக்கிழமை மதியம் வரை அவள் யாரோடும் பேச மாட்டாள். கேட்டால் வேலை இருக்கிறது என்பாள். வேலை எல்லா நாளும்தான் இருக்கிறது. நான் கேட்பதை விட்டுவிட்டேன். அன்று மட்டும் நானே அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

தெருவில் அவளுக்கு எலியம்மா என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்றாள். அந்தப் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். வெட்கமே இல்லை என்று தையல்காரி சொன்னாள். வெட்கப்பட என்ன இருக்கிறது? அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், என் சமையலறையைவிடச் சுத்தம். இதை நான் சொல்வது பெரிய விஷயம்.

அவளுடைய கவலை எல்லாம் தொட்டிக்குள் என்ன விரிப்பது என்பதில்தான். இதிலெல்லாம் ஒருத்தி இவ்வளவு யோசிப்பாளா என்று முதல் வருஷம் முழுக்க எனக்குச் சிரிப்பு. செய்தித்தாள் கிழித்துப் போட்டுப் பார்த்தாள். மை ஒட்டி, வெள்ளை எலி எல்லாம் வயிற்றில் செய்தியோடு திரிந்தன. பழைய துணியைப் போட்டாள். நூல் பிரிந்து ஒரு குஞ்சின் காலில் சுற்றி, கால் கடுகு மாதிரி கறுத்துவிட்டது. பஞ்சும் அப்படித்தான், இழை இழையாகச் சுற்றிக்கொள்ளும் என்று தொடவே இல்லை. மக்காச்சோளக் கட்டையை நொறுக்கி விற்கிறார்களே, அது ஈரம் பட்டால் பூசணம் பிடித்தது. என் மகனின் பட்டறையிலிருந்து மரத்தூளை அள்ளி வந்தேன். "தூள் வேண்டாம் அத்தை, மூக்குல போயிடும்" என்று என் கண் முன்னாலேயே திருப்பிக் கொட்டினாள். கடைசியில் இரண்டில் நின்றாள். அச்சகத்தில் வெட்டிப் போடுகிற, எழுத்தே விழாத வெள்ளைக் காகித ஓரங்கள் ஒன்று. தீக்குச்சிக்குப் போகிற மரத்தைச் சீவிய சுருள் இன்னொன்று. பேக்கிங் பெட்டி செய்கிறவரிடமிருந்து அதை மூட்டையாக வாங்கி வந்து, தூசி போகச் சலித்து, பிறகுதான் விரிப்பாள்.

சுத்தம் செய்கிற நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க அவள் வைத்திருந்த வழியும் வேடிக்கைதான். முட்டி போட்டுக் குனிந்து, மூக்கைத் தொட்டிக்குள் விடுவாள். ஒரு தடவை கேட்டேவிட்டேன். நாம நிக்கிற உயரத்துக்கு வாடை வராது அத்தை, அதுங்க மூக்கு இருக்கிற உயரத்துக்குப் போகணும் என்றாள்.

பாம்பு தின்னப் போகிற எலிக்கு மெத்தையா என்று தையல்காரி என்னிடம் கேட்டதை நான் அப்படியே வந்து அவளிடம் ஒப்பித்தேன். எனக்கும் அந்தக் கேள்வி உள்ளே இருந்தது. அவள் சலித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"சாகறது ஒரு நாள்தான் அத்தை. படுக்கறது தினமும்."

சல்லடையின் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.

இனி, என் பங்கைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் மருமகளுக்காகப் பேச உட்கார்ந்துவிட்டு என்னை மட்டும் ஒளித்துவைத்தால் நன்றாக இருக்காது.

என் மகன் செய்வது தேவதாரு மரப் பெட்டி. அவன் அப்பா செய்தார், அவர் அப்பாவும் செய்தார். துணி வைக்கிற பெட்டி. திறந்தால் கமகமவென்று இருக்கும், பூச்சி அண்டாது. இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்த வாசனையில்தான் தூங்கி எழுந்திருக்கிறேன். நல்ல வாசனை என்றால் எனக்கு அதுதான், உடம்புக்கு நல்லது என்றாலும் அதுதான். பெட்டி பார்க்க வருகிறவர்கள் வீட்டு வழியாகத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். ஒரு மழை வாரத்தில், சன்னல் எல்லாம் சாத்தியிருந்தபோது, ஒரு அம்மா பாதி வழியில் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். வைத்ததை நான் பார்த்தேன். அது மனதில் கிடந்து அரித்தது.

அந்த மாதமே மருமகளின் தங்கைக்குப் பிரசவம். நான்கு நாள் போனாள். போகும்போது என்னிடம் விரல் விட்டுச் சொன்னாள்: தீனி, தண்ணீர், அவ்வளவுதான், வேறு எதையும் மாற்ற வேண்டாம். நான் மாற்றினேன். பட்டறையிலிருந்து தேவதாருச் சுருளைக் கூடை கூடையாக அள்ளி வந்து, நாற்பது தொட்டிக்கும் விரித்தேன். குளிப்பாட்டிப் புதுத்துணி போட்ட பிள்ளை மாதிரி இருந்தன. வாடை போன இடம் தெரியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, இருந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி.

அவள் திரும்பி வந்து அந்த அறை வாசலில் நின்றாள். ஒரு தொட்டியின் மூடியைத் தூக்கிச் சுருளை விரலால் கிளறினாள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தை மாதிரி. "நல்ல வாசனைதான் அத்தை" என்றாள். அவளுக்கு அப்போதே சந்தேகம் இருந்திருக்கிறது. பாம்பு வீட்டில் வாசனை மரம் போட வேண்டாம் என்று எப்போதோ யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கிழவி இடுப்பு ஒடியச் செய்ததை எப்படிக் கொட்டுவது என்று விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு என்றால் அது ஒன்றுதான், அதுவும் என் மேல் வைத்த பாசத்தில்.

மறுவாரம் எலி வாங்க வந்த மீன்தொட்டிக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றுவிட்டார். எலி வளர்க்கிற இடமா இது, கோயில் மாதிரி மணக்கிறதே என்றார். இந்தச் சுருளை மூட்டை போட்டுக் கொடுத்தால் கடையில் வைக்கிறேன் என்றார். என் மகனுக்கு அன்று காலே தரையில் பாவவில்லை. அதுவரை அந்தச் சுருள் அடுப்புக்குப் போனது. ஒரு தகட்டில் எலி படம் வெட்டி, தலையணையில் தலை வைத்துப் படுத்திருக்கிற எலி, மூட்டைக்கு மூட்டை மை தடவி அச்சுக் குத்தினான். பெட்டியைத் தவிர அவன் கையால் செய்த எதையும் யாரும் புகழ்ந்ததில்லை. மருமகள் ஒரு தடவை, இது ஒத்துக்குமான்னு கேட்டுட்டு விக்கலாமே என்றாள். கேட்கலாம் என்றான். கேட்கவில்லை. இரண்டே மாதத்தில் பாம்பு வீட்டுக்கே நாற்பது மூட்டை போனது.

முதலில் தும்மியது மந்திரி. மந்திரி என்பது பேத்தியின் எலி, பாம்புக்குப் போகாத எலி, அவள் தோளில் உட்கார்ந்துகொண்டு வீட்டு நடப்பை எல்லாம் மேற்பார்வை பார்க்கும். ஒரு நாள் அதன் கண்ணைச் சுற்றிச் சிவப்பு. ரத்தம் ரத்தம் என்று பேத்தி அழுதாள். மருமகள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினாள். ரத்தமில்லையாம் அது. எலிக்கு உடம்பு சரியில்லை என்றால் கண்ணிலும் மூக்கிலும் அப்படிச் சிவப்பாக ஒரு நீர் வருமாம். மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கூண்டில் என்ன விரிக்கிறீர்கள் என்பது. தேவதாரு என்றதும் தலையை ஆட்டினாராம். அந்த வாசனை என்பது மரத்தில் இருக்கிற எண்ணெய். அதிலேயே மூக்கு வைத்துப் படுத்தால் சின்ன நுரையீரல் தாங்காது, ஈரலுக்கும் நல்லதில்லை. வாடை தெரியாமல் மூடிவிடுவதால் சுத்தம் செய்வதும் தள்ளிப்போகும், அது இன்னொரு கேடு.

அன்று சாப்பாட்டு நேரத்தில்தான் முதல் சண்டை. என் மகன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பெட்டியில வெச்ச துணியைப் பூச்சி தொட்டதில்லை. இது கெடுதலா?"

"அதைத்தான் நானும் சொல்றேன். பூச்சியை ஓட ஓட விரட்டுற வாசனை, பூச்சியைவிடக் கொஞ்சமே பெரிசா இருக்கிறதை மட்டும் தாலாட்டித் தூங்க வைக்குமா?"

நான் மகன் பக்கம் சாய்ந்தேன். பின்னே, ஐம்பது வருஷமாக அந்த வாசனையில் தூங்குகிறேனே, எனக்கு என்ன வந்தது என்றேன். நீங்க பெட்டிக்குள்ள தூங்கலையே அத்தை என்றாள். பேத்தி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. சரி, பார்த்துவிடலாம் என்றேன்.

ஒரே தாய் போட்ட எட்டுக் குஞ்சுகள், நன்றாக வளர்ந்தவை, அதுவரை ஒரு தும்மல்கூட இல்லாதவை. நான்கை ஒரு தொட்டியில் தேவதாருச் சுருளோடு பின்கட்டில் வைத்தோம். நான்கை இன்னொரு தொட்டியில் வெள்ளைக் காகிதத்தோடு முன்னறையில் வைத்தோம், வாசனை எட்டாத தூரத்தில். எண்ணுவது நான். அவள் எண்ணினால் அவள் பக்கம் எண்ணுவாள், மகன் எண்ணினால் அவன் பக்கம் எண்ணுவான், நான் நியாயமாக மகன் பக்கம் எண்ணுவேன் என்று சொன்னேன். அவள் சரி என்றாள். காலையும் மாலையும், தேநீர்ப் பாத்திரம் கொதிக்கிற நேரம் வரைக்கும், தொட்டியருகில் காதை வைத்து உட்காருவது. எழுதத் தெரியாதே, அதனால் தும்மலுக்கு ஒரு பொத்தான். தொட்டிக்கு ஒரு கோப்பை, என் இடுப்பு முடிச்சில் ஒரு பிடி பொத்தான். பொத்தான்களைத் தையல்காரிதான் ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று கேட்டிருந்தால் இன்று இவ்வளவு பேச வேண்டியிருக்காது.

எலி தும்முவதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். சத்தம் என்றே சொல்ல முடியாது, யாரோ விரல் நகத்தால் காகிதத்தைச் சுண்டுகிற மாதிரி. முதல் இரண்டு நாள் இரண்டு கோப்பையும் வெறும் கோப்பைதான். மகனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். நான்காவது நாள் பின்கட்டுக் கோப்பையின் அடி மறைந்தது. ஆறாவது நாள், இது தும்மல்தானா, மூக்கைச் சொறிகிறதா என்று எனக்கு நானே சலுகை கொடுத்துப் பார்த்தேன். சலுகை கொடுத்தும் பாதிக் கோப்பை. பத்தாம் நாள் அந்தக் கோப்பையில் பொத்தான் வைக்க இடமில்லை. முன்னறைக் கோப்பையில் மூன்று கிடந்தது. அந்த மூன்றில் ஒன்று நான் வேண்டுமென்றே போட்டது. இதை இப்போதுதான் சொல்கிறேன்.

இரண்டு கோப்பையையும் மகன் முன்னால் வைத்தேன். பருவம் மாறுது, தும்மத்தான் செய்யும் என்றான். ஒரே வீட்டுக்குள் இரண்டு பருவமா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டான். தொட்டிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், அப்போதுதான் நிச்சயமாகத் தெரியும் என்று நான் சொன்னேன், எனக்கு எண்ணுவதில் ஒரு ருசி வந்திருந்தது. அவள் கேட்கவில்லை. நல்லா இருக்கிறதைக் கெடுத்துப் பார்க்க வேண்டாம் அத்தை, கெட்டதைச் சரி பண்ணிப் பார்ப்போம் என்றாள். தும்மிய நான்கையும் காகிதத்துக்கு மாற்றினாள். ஒரு வாரத்தில் கோப்பைக்கு வேலை குறைந்தது. மந்திரிக்கு மட்டும் மூச்சில் ஒரு சின்ன உரசல் இன்றைக்கும் இருக்கிறது.

நாற்பது தொட்டியிலும் இருந்த சுருளை நானே அள்ளிக் கொட்டினேன். விரித்த நாளைவிட இடுப்பு அதிகமாக வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் பாம்பு வீட்டிலிருந்து போன் வந்தது. பெரியவர் குரல் எனக்கே கேட்டது, அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். எலி அறையில் முக்கால்வாசி இருமுகிறது. தாய்கள் குஞ்சை ஒதுக்குகின்றன. உன்னிடம் வாங்கியதுதான் நோயைக் கொண்டு வந்திருக்கிறது, இனி வியாழக்கிழமை வண்டி வராது. அதோடு விடவில்லை. தொற்றுநோயாக இருந்தால் பாம்புக்கும் கொடுக்க முடியாது, வைத்திருக்கவும் முடியாது. திங்கட்கிழமை இங்கே இருக்கிற முந்நூறு எலியையும் முடித்துவிட்டு அறையைக் கழுவப் போகிறேன் என்றார். அது நோயில்லைங்க, விரிப்புதான் என்று இவள் சொன்னாள். இவ்வளவு மணக்கிறதே, அதுவா கெடுக்கும் என்று அவர் சிரித்தார். உன் புருஷன் படம் குத்தி விற்கிறதை நீயே குறை சொல்கிறாயா என்றார். நான் வந்து காட்டுகிறேன், அதுவரை ஒன்றையும் தொடாதீர்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அது வியாழக்கிழமை.

முந்நூறு உயிர். அவள் பேர். இரண்டும் திங்கட்கிழமைக்குள் போய்விடும். காப்பாற்ற வேண்டும் என்றால், என் மகனின் மூட்டைதான் காரணம் என்று அவன் பெண்டாட்டியே போய்ச் சொல்ல வேண்டும். பட்டறை வாசலில் நின்று அவள் அவனிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன், போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

"போய் என்னன்னு சொல்லுவே?"

"நம்ம சுருள்தான் காரணம்னு சொல்லுவேன். ரெண்டு மூணு வாரம் அங்கேயே இருந்து எல்லாத்தையும் மாத்திட்டு, குணமாகுதான்னு அவருக்குக் காட்டிட்டு வருவேன்."

"அப்ப நான் யாரு? எலியைக் கொன்னவனா?"

"தெரியாம செஞ்சவரு. தெரிஞ்சப்புறமும் பேசாம இருந்தா அதுக்குப் பேரு வேற. அந்தப் பேரு உங்களுக்கு வேண்டாம்னுதான் போறேன்."

அவன் இழைப்புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். வெள்ளிக்கிழமை விடிந்தது. பட்டறையில் இழைக்கிற சத்தம் இல்லை, அது எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நானே போனேன். ஒரு பாதிப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். "முதல் சுருளைப் போட்டது நான்தாண்டா" என்றேன். "அவ மாத்தாதேன்னு சொல்லிட்டுப் போனா, நான் கேக்கலை. உனக்கு ரோஷம் வந்தா என்மேல காட்டு, அவ போற வழியில நிக்காதே." அவன் தட்டை வாங்கிக்கொண்டான். சாப்பிட்டானா என்று பார்க்க நான் நிற்கவில்லை. அங்கிருந்து நேரே மீன்தொட்டிக்காரர் கடைக்குப் போய், இருந்த ஏழு மூட்டையையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். விற்றுப்போனவற்றை வாங்கியவர்கள் யார் யார் என்று கேட்டு, காகிதம் விரிக்கச் சொல்லி அனுப்பச் சொன்னேன். அவர் ஏன் என்றார். எலிக்கு வாசனை பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தால் போதாதாம் என்று சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவள் கிளம்பினாள். இதைத்தான் தெரு பார்த்தது. தோளில் துணிப்பை. கையில் ஒரு தொட்டி, அதில் தும்மிக் குணமான நான்கும், பெரியவருக்குக் காட்டுவதற்கு. சக்கரம் வைத்த வண்டியில் அச்சகக் காகித மூட்டை இரண்டு. முந்நூறுக்கு அது எந்த மூலைக்கு? மீதிக்கு அங்கே போய் எங்காவது அலைந்துகொள்கிறேன் என்றாள். நான் இரண்டு கோப்பையையும் பொத்தான் சிந்தாமல் துணி வைத்துக் கட்டி அவள் பையில் வைத்தேன். பெரியவருக்கு எழுத்துக் கணக்கு காட்டினால் வாதாடுவார், பொத்தானோடு என்ன வாதாடுவார். பேத்தி மந்திரியைத் தோளில் வைத்துக்கொண்டு, பள்ளிக்குக் கிளம்புகிற பிள்ளைக்குச் சொல்வது போல அம்மாவுக்குப் புத்திமதி சொன்னாள்.

எங்கள் முன்கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் மரவேலை செய்கிற வீட்டில் அந்தக் கதவைச் சீவ மட்டும் இருபது வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. கொஞ்சம் தூக்கி, இடது பக்கம் ஒரு இடி இடித்து, பிறகு இழுக்க வேண்டும். அது எனக்குத்தான் கைவந்தது. அவளுக்கு இரண்டு கையும் சாமான். ஆகவே நான்தான் தூக்கி, இடித்து, இழுத்துத் திறந்தேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல் மிஷின் நின்றது.

திறந்தால் வாசற்படியில் மூட்டைகள். மூன்று, நான்கு, ஐந்து. படம் குத்தாத வெறும் மூட்டைகள். அவள் குனிந்து ஒன்றின் வாயை அவிழ்த்துக் கைவிட்டுப் பார்த்தாள். வெள்ளைச் சுருள், மெல்லியது, தூசி இல்லாமல் சலித்தது. மூக்கருகே கொண்டு போனாள். எனக்கும் நீட்டினாள். ஒரு வாசனையும் இல்லை. தீக்குச்சி மரம். அந்த மரம் என் பட்டறை வாசலில் ஏறாது என்று சொன்னவன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கிங் பெட்டிக்காரரிடம் போய்க் காய்ந்த கட்டையாகப் பார்த்து வாங்கி வந்து, நடுராத்திரியே எழுந்து இழைத்துச் சலித்திருக்கிறான். சத்தம் கேட்டும் நான் பெட்டி வேலை என்று நினைத்துப் புரண்டு படுத்தேன்.

அவன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் மரத்தூசி, ஒரே ராத்திரியில் கிழவனான மாதிரி.  ஐந்து மூட்டையையும் வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கினான்.  அவள் தொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் அவன் புருவத்திலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். பிறகு தொட்டியை வாங்கிக்கொண்டு, வண்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள். வரேன் அத்தை என்றாள். போய்ட்டு வாம்மா என்றேன்.

அப்போது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அதைத்தான் தையல்காரி தன் சன்னலிலிருந்து பார்த்துவிட்டு, தச்சன் தேம்பித் தேம்பி அழுதான் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அழவில்லை. ராத்திரியிலிருந்து சலித்த தூசி. ஒன்று, இரண்டு, மூன்று என்று தும்மினான். தெருமுனையில் அவள் நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். என் கை என்னை அறியாமல் இடுப்பில் பொத்தானைத் தேடியது.